குழித்தட்டு நாற்றுக்குக் கரி கலப்பதா, வேண்டாமா: நான்கு கலவைகளை எடை போட்டுப் பார்ப்போம்

"தென்னை நார்க்கழிவில் பயோசார் கரி கலந்தால் நாற்று திடமாக வருமாமே, கலக்கலாமா? எவ்வளவு கலக்கலாம்? ரைஸ்மில்லில் கிடைக்கிற உமிக்கரியே போதாதா?" தக்காளி, மிளகாய், கத்தரி நாற்றைச் சொந்தமாக விடுகிற பலர் இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கரி விற்கிறவர்கள் அதைச் சர்வரோக நிவாரணி போலச் சொல்கிறார்கள், பல வருடமாக நர்சரி நடத்துகிறவர்களோ நார்க்கழிவு இருக்கும்போது வேறு எதற்கு என்று கேட்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கரி நல்ல பொருள்தான், ஆனால் அது நார்க்கழிவுக்கு மாற்று கிடையாது. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதுவும் ஊறவைத்துச் சத்தேற்றியது (எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்), கூடவே நல்ல மண்புழு உரம் என்று சேர்த்தால் சில பயிருக்கும் சில பருவத்துக்கும் பலன் தெரியும். ஆனால் உங்கள் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று பார்க்காமல் கரி வாங்கப் போகாதீர்கள். மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் இந்தத் தேர்வைத் தீர்மானிக்கிறது.

## எதையெல்லாம் வைத்து அளப்பது

வயலில் கரி போடுவதைப் பற்றிய பேச்சை அப்படியே குழித்தட்டுக்குக் கொண்டுவந்துவிடக் கூடாது. 98 குழித் தட்டில் ஒரு குழிக்குள் போவது ஏறக்குறைய 30 மில்லி ஊடகம், அதாவது வேர் பிடிக்கும் கலவை. அந்த முப்பது மில்லிக்குள்தான் விதை முளைத்து, வேர் விட்டு, தக்காளி என்றால் 25 நாள், கத்தரி 30 முதல் 35 நாள், மிளகாய் 35 முதல் 40 நாள் வரை வாழவேண்டும். வயலில் வேர் பக்கத்தில் தேடிப்போகும், இங்கே போக இடமில்லை. அதனால் சின்னத் தவறும் பெரிதாகத் தெரியும்.

முதலில் நீரும் காற்றும். பூவாளியில் ஊற்றிய தண்ணீர் நிற்கவும் வேண்டும், வடிந்தபின் வேருக்குக் காற்றும் கிடைக்கவேண்டும். குழி ஆழமில்லாதது என்பதால் அடியில் எப்போதும் ஈரம் தேங்கும், அதனால் தண்ணீர் பிடிப்பதை விடக் காற்றோட்டம்தான் பல இடங்களில் குறைபாடாக இருக்கிறது.

அடுத்தது பிஎச், அதாவது அமில, கார அளவு; ஏழு நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். காய்கறி நாற்றுக்கு 5.5 முதல் 6.5 வரை நல்லது. ஏழைத் தாண்டினால் இரும்பும் மாங்கனீசும் வேருக்குச் சரிவரக் கிடைக்காது, இளம் இலையில் நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் தெரியும். இதைத் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு என்று நினைத்து யூரியா கரைத்து ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர்.

மூன்றாவது உப்பு; அதை அளக்கும் கணக்குத்தான் ஈசி (மின்கடத்தும் திறன்). முளைக்கும் விதை உப்பைத் தாங்காது. நான்காவது, அந்த 25 முதல் 40 நாளைக்கான சத்து எங்கிருந்து வருகிறது என்பது. ஐந்தாவது, நடவுக்குப் பிடுங்கும்போது வேரோடு கட்டி உடையாமல் வருகிறதா. இதை யாரும் முன்னாலேயே யோசிப்பதில்லை, நடவு ஆட்கள் வந்து நிற்கும்போதுதான் தெரியும். ஆறாவது நாற்றழுகல், அதாவது இளநாற்று அடியில் அழுகிச் சாயும் நோய். கடைசியாகச் செலவு, அதில் பொருளின் விலையோடு இடிக்க, சலிக்க, ஊறவைக்க ஆகும் கூலியும் காத்திருக்கும் நாட்களும் சேர்த்தி.

## 1. நார்க்கழிவு மட்டும்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் குழித்தட்டு நாற்றுக்குச் சொல்லும் கணக்கு இது: 300 கிலோ நார்க்கழிவுக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு, அசோஸ்பைரில்லம் ஒரு கிலோ, பாஸ்போபாக்டீரியா ஒரு கிலோ (இரண்டும் உயிர் உரங்கள்). ஒரு தட்டுக்குச் சுமார் 1.2 கிலோ பிடிக்கும், 238 தட்டு இருந்தால் ஒரு எக்டேருக்கான 23,000 சொச்சம் நாற்று கிடைத்துவிடும். இதை ஒழுங்காகச் செய்தாலே நல்ல நாற்று வரும். கரி இல்லாமலேயே லட்சக்கணக்கில் நாற்று போய்க்கொண்டுதான் இருக்கிறது.

நார்க்கழிவின் பலம் தெளிவானது. எடையில் பல மடங்கு தண்ணீரைப் பிடிக்கும், லேசானது, பிஎச் பொதுவாக 5.5 முதல் 6.5 வரை இருக்கும், வேர் அதில் நன்றாகப் பின்னிக்கொள்ளும், கட்டி அழகாக வெளியே வரும். பொள்ளாச்சிப் பக்கம் கட்டியாக அழுத்தியும் வாங்கலாம், மூட்டையாகவும் வாங்கலாம்.

ஆனால் நார்க்கழிவு என்று எழுதி வருகிற எல்லாமே ஒன்றல்ல. பச்சை நார்க்கழிவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112:1 வாக்கில் இருக்கும், சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து மக்கவைத்தால் 24:1 வாக்கில் இறங்கும். மக்காததைப் போட்டால் அதில் இருக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும், நாற்று வெளிறி நிற்கும். தேங்காய் மட்டையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்த நாரின் கழிவு என்றால் சோடியமும் சேர்ந்திருக்கும். போதாதற்கு நார்க்கழிவு சாம்பல் சத்தை (பொட்டாசியம்) பிடித்து வைத்திருக்கும், கால்சியம் வந்தால் அதை வாங்கிக்கொண்டு சாம்பல் சத்தையும் சோடியத்தையும் வெளியே விடும். அதனால்தான் கால்சியம் நைட்ரேட்டில் அலசிய நார்க்கழிவுக்குக் கூடுதல் விலை சொல்கிறார்கள், அந்த விலையில் நியாயம் இருக்கிறது.

மறைந்திருக்கும் செலவு என்றால் உரம். நார்க்கழிவில் நாற்றுக்குத் தேவையான சத்து கிட்டத்தட்ட இல்லை, விதைத்து இரண்டு வாரம் தாண்டியதும் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள கரையும் உரம்) லிட்டருக்கு 5 கிராம் வீதம் ஊற்றியாகவேண்டும். இன்னொன்று, மேலே காய்ந்து உதிரும்போது அடியில் ஈரம் இருக்கும், நீர் ஊற்றுகிறவருக்கு அந்த அனுபவம் இல்லையென்றால் ஊற்றி ஊற்றியே வேரை அழுகவிடுவார்.

யாருக்கு இதுவே போதும்: அலசிய, மக்கிய நார்க்கழிவு நம்பகமாகக் கிடைக்கிறவர்கள், உரத்தண்ணீர் ஒழுங்காகக் கொடுக்கிறவர்கள், 25 நாளில் தக்காளி நாற்றை வெளியே அனுப்பிவிடுகிறவர்கள். இவர்கள் கரியைத் தேடிப் போகவேண்டியதில்லை. ஏற்கெனவே ஈரமும் காற்றும் சரியாக உள்ள ஊடகத்தில் கரி புதிதாகச் செய்யப்போவது கொஞ்சம்தான்.

## 2. நார்க்கழிவும் மண்புழு உரமும்

நாலு பங்கு நார்க்கழிவுக்கு ஒரு பங்கு மண்புழு உரம். இது எளிமையான மேம்பாடு, பெரும்பாலான சிறு விவசாயிகளுக்கு முதல் படி இதுவாகத்தான் இருக்கவேண்டும். மண்புழு உரம் மெதுவாகச் சத்தைக் கொடுக்கும், நுண்ணுயிர்களையும் கொண்டுவரும், நார்க்கழிவு தழைச்சத்தை விழுங்குவதை ஓரளவு ஈடுகட்டும்.

இதன் பிரச்சினை, மூட்டைக்கு மூட்டை ஒரே மாதிரி இருக்காது என்பதுதான். நன்றாக முற்றாத மண்புழு உரத்தில் உப்பு அதிகம் இருக்கும், களை விதை வரும், மண் கலந்து எடை கூட்டி விற்கிறவர்களும் உண்டு. மண் கலந்ததைக் குழியில் போட்டால் களிபோல் இறுகிவிடும். சத்து வேண்டும் என்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொட்டினால் ஈசி ஏறி முளைப்பு குறையும். சலித்துப் போடவேண்டும், வாசனை மழைக்குப் பின் வரும் மண்வாசனையாக இருக்கவேண்டும், அமோனியா நெடி அடித்தால் இன்னும் மூன்று வாரம் விட்டுவிடுங்கள்.

யாருக்கு: சொந்தமாகத் தொட்டி வைத்து மண்புழு உரம் எடுக்கிறவர்களுக்கு இதை விட மலிவான மேம்பாடு இல்லை. ரசாயன உரம் தவிர்க்க நினைக்கிறவர்களுக்கும் இதுதான் அடிப்படை.

## 3. நார்க்கழிவு, மண்புழு உரம், மரக்கரி

விகிதம் 7:2:1. அதாவது ஏழு பக்கெட் நார்க்கழிவு, இரண்டு பக்கெட் சலித்த மண்புழு உரம், ஒரு பக்கெட் சத்தேற்றிய கரி. இந்தப் பகுதியைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், குழப்பம் முழுக்க இங்கேதான்.

காற்று அதிகம் படாமல் 350 முதல் 700 டிகிரி வரை சூட்டில் மரம், மட்டை, செடித்தண்டு எதையாவது சுட்டால் கிடைப்பது பயோசார் என்கிற உயிரிக்கரி. சூடு ஏற ஏறக் கரியின் அளவு குறையும், துளைகளும் பிஎச்சும் கூடும். தமிழ்நாட்டில் இதற்கான மூலப்பொருளுக்குப் பஞ்சம் கிடையாது. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பது ஊர்த்தொழில். அந்தக் கரியை மூட்டை கட்டி அனுப்பியபின் கீழே சிந்திக் கிடக்கும் தூளும் குருணையும் நாற்றங்காலுக்குப் போதும், கட்டிக்கரி வாங்கி இடிக்கவேண்டியதில்லை. ஆனால் அந்தத் தூளில் மூட்டத்தின் மண்ணும் சாம்பலும் கலந்திருக்கும், சலித்து அலசாமல் போடக்கூடாது.

அளவு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டால் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். 238 தட்டுக்கு மொத்த ஊடகம் ஏறக்குறைய 700 லிட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு 70 லிட்டர். பொடித்த மரக்கரி லிட்டருக்கு 250 முதல் 300 கிராம் வரும் என்று வைத்தால் 20 கிலோ வாக்கில் முடிந்துவிடும். வயலில் கரி போடுகிற சோதனைகளில் எக்டேருக்கு டன் கணக்கில் போடுகிறார்கள், எந்தச் சிறு விவசாயிக்கும் அது கட்டுப்படியாகாது. அதே எக்டேருக்கான நாற்றுக்கு ஒரு மூட்டைக் கரி போதும். கரியைப் பயன்படுத்த ஆசைப்படுகிறவர் எங்கிருந்து தொடங்கவேண்டும் என்று கேட்டால் நான் நாற்றங்காலைக் காட்டுவது இதனால்தான்.

சரி, பலன் என்ன? துளைகள் இருப்பதால் குழிக்குள் காற்றோட்டம் கூடும், சத்தேற்றிய கரி அமோனிய வடிவில் உள்ள தழைச்சத்தைப் பிடித்து வைத்து மெதுவாக விடும், அசோஸ்பைரில்லம், டிரைக்கோடெர்மா (நோயைத் தடுக்கும் நல்ல பூஞ்சாணம்) போன்றவை தங்க இடம் கொடுக்கும். கடையில் வாங்குகிற உயிர் உரப் பொட்டலத்தில் இருக்கும் கருப்புத் தூள் பெரும்பாலும் பழுப்பு நிலக்கரிப் பொடிதான், நுண்ணுயிரைச் சுமக்க அதைப் பயன்படுத்துகிற அதே காரணம்தான் இங்கும்.

இஸ்ரேலில் வோல்கானி வேளாண் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஒரு சோதனை நமக்கு நெருக்கமானது, ஏனென்றால் அதில் ஊடகமே தென்னை நாரும் எரிமலைக் கல்லும்தான். ஆரஞ்சு, எலுமிச்சை இன மரத்தின் கரியை எடையில் 1 முதல் 5 சதவீதம் வரை கலந்து மிளகாயும் தக்காளியும் வளர்த்தார்கள். மிளகாய்ச் செடியில் இலைப்பரப்பு, பூ, காய் எல்லாம் கூடியது. தக்காளியில் உயரமும் இலை அளவும் கூடின, ஆனால் காய் மகசூல் கூடவில்லை. உரம் எல்லாச் செடிக்கும் ஒரே மாதிரி சொட்டுநீரில் போனதால் கரி கொடுத்த சத்தால் வந்த மாற்றம் என்று சொல்லவும் வழியில்லை. மிளகாய்க்கு நான் கரியை அதிகம் சிபாரிசு செய்வதும் தக்காளிக்குத் தயங்குவதும் இதை ஒட்டித்தான், தவிர மிளகாய் நாற்று தட்டில் கூடுதலாகப் பத்துப் பதினைந்து நாள் இருக்கிறது, கரி வேலை செய்ய நேரமும் கிடைக்கிறது.

நோய் விஷயத்தில் அதே நாட்டு ஆய்வுகள் ஒரு எச்சரிக்கையையும் தருகின்றன. வெள்ளரி நாற்றில் ரைசோக்டோனியா என்ற பூஞ்சாணத்தால் வரும் அழுகலைக் குறைந்த அளவுக் கரி, அதாவது எடையில் ஒரு சதவீதம் வரை, கட்டுப்படுத்தியது. அளவை 3 சதவீதமாக ஏற்றியபோது அந்தப் பலன் போய்விட்டது, சில கரிகளில் நோய்க்கு அனுகூலமாகவே ஆனது. கரி என்றால் நல்லது, அதிகம் போட்டால் இன்னும் நல்லது என்று நினைக்கிறவர்கள் இதை மனதில் வைக்கவேண்டும். அவர்கள் சொல்வது எடைக் கணக்கு, நாம் பக்கெட்டில் அளப்பது கொள்ளளவு, இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனால் கொள்ளளவில் இருபது சதவீதத்தைத் தாண்ட எனக்குக் காரணமே தெரியவில்லை, பத்தில் நின்றுவிடுவது நல்லது.

இப்போது மறைந்திருக்கும் செலவுகள். இவை கொஞ்சம் நீளம்.

மரக்கரியின் பிஎச் 8 முதல் 10 வரை போகும். நார்க்கழிவு அமிலப் பக்கம் இருப்பதால் பத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும், ஆனால் உங்கள் போர் தண்ணீர் உப்புப் படிகிற தண்ணீர் என்றால், அதாவது பக்கெட் ஓரத்திலும் சொட்டுவானிலும் வெள்ளை ஏடு கட்டுகிறது என்றால், அதில் பைகார்பனேட் இருக்கிறது, ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் அதுவே பிஎச்சை ஏற்றிக்கொண்டு போகும். மேற்கு மாவட்டங்களில் இப்படிப்பட்ட போர்கள் ஏராளம். அந்தத் தண்ணீரோடு கரியும் சேர்ந்தால் மூன்றாவது வாரத்தில் இலை மஞ்சளாகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் கரியை ஐந்து சதவீதத்தில் நிறுத்துங்கள், இல்லையென்றால் விட்டேவிடுங்கள். மழைநீர் சேமித்து வைத்திருக்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

அடுத்து, பச்சைக் கரி பசியோடு இருக்கும். சத்தேற்றாமல் போட்டால் ஊடகத்தில் உள்ள தழைச்சத்தை முதலில் அது பிடித்துக்கொள்ளும், கரி போட்ட தட்டு போடாததை விட மோசமாக நிற்கும். கரி ஏமாற்றிவிட்டது என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள்தான்.

மூன்றாவது, வேரில் ஊற்றும் பூச்சிமருந்து, பூஞ்சாண மருந்தையும் கரி பிடித்துக்கொள்ளும், மருந்து வேலை செய்வது குறையலாம். நாற்றுக்கு இமிடாகுளோப்ரிட் போன்றவற்றை ஊற்றி அனுப்புகிற நர்சரிகள் இதை யோசிக்கவேண்டும். நான்காவது தூசி, ஈரப்படுத்தாமல் இடிக்கவோ சலிக்கவோ கூடாது, முகக்கவசம் கட்டாயம். சுட்ட கரியை நன்றாக அணைக்காமல் சாக்கில் கட்டிவைத்தால் உள்ளே கனன்று தீப்பிடிக்கவும் செய்யும். ஐந்தாவது, பெயின்ட் அடித்த பழைய ஜன்னல் மரம், பிளைவுட் இதையெல்லாம் சுட்ட கரி வேண்டவே வேண்டாம்.

யாருக்கு: மிளகாய், கத்தரி போன்ற நீண்ட நாள் நாற்று விடுகிறவர்கள், ஐப்பசி கார்த்திகையில் நிழல்வலைக்குள் ஈரம் தேங்கி நாற்றழுகல் அனுபவிக்கிறவர்கள், இயற்கை முறையில் உரம் கொடுக்கிறவர்கள், தண்ணீர் நல்ல தண்ணீராக உள்ளவர்கள்.

## 4. நார்க்கழிவு, மண்புழு உரம், உமிக்கரி

விகிதம் 6:2:2. டெல்டாவிலோ ஆரணி, செய்யாறு மாதிரி அரிசி ஆலை நிறைந்த ஊர்களிலோ இருக்கிறவர்கள் மரக்கரிக்கு முன்னால் இதைத்தான் பார்க்கவேண்டும். ஜப்பானில் குன்டான் என்ற பெயரில் உமிக்கரியை நாற்று ஊடகத்தில் நெடுங்காலமாகக் கலக்கிறார்கள், பிலிப்பைன்ஸில் காய்கறி நாற்றுக் கலவையில் இது சாதாரணமாக இருக்கும் பொருள்.

இடிக்கவேண்டாம், சலிக்கவேண்டாம், உமி ஏற்கெனவே குழிக்கு ஏற்ற அளவில் இருக்கிறது. அதன் வடிவத்தாலேயே இடைவெளி உண்டாகி நீர் வேகமாக வடியும், மழைக்காலத்தில் நார்க்கழிவு சதசதவென்று நிற்பதற்கு இதுதான் நல்ல மருந்து. சாம்பல் சத்தும் கொஞ்சம் கிடைக்கும். சிலிக்கா பற்றி நிறையப் பேசுகிறார்கள், உமியை முழுக்க எரித்தால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும், அதில் பெரும்பகுதி சிலிக்காதான், உண்மை. ஆனால் தக்காளி சிலிக்காவை அதிகம் எடுத்துக்கொள்கிற பயிர் இல்லை. வெள்ளரி, பூசணி வகைகளுக்கு அதில் அர்த்தம் இருக்கிறது, தக்காளிக்கு இதைச் சொல்லி விற்றால் நம்பவேண்டாம்.

கவனிக்கவேண்டியது நிறம். ஆலை கொதிகலனில் இருந்து வருவது பல இடங்களில் சாம்பல், கரி அல்ல. கருகருவென்று உமி வடிவம் கலையாமல் இருந்தால் கரி, வெளுத்த சாம்பல் நிறத்தில் தூளாக இருந்தால் முழுக்க எரிந்தது. வெளுத்ததில் பிஎச் அதிகம், கரிமம் இல்லை, அதிக சூட்டில் எரிந்த சிலிக்காத் தூசி நுரையீரலுக்கும் கெடுதல். ஆலையில் இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று அதை அள்ளிவந்து குழித்தட்டில் போடாதீர்கள்.

இன்னொரு குறை, உமிக்கரி பிணையாது. மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நாற்றைப் பிடுங்கும்போது கட்டி உதிர்ந்து வேர் தனியாக வந்துவிடும், வெயிலில் நட்டால் வாடி நிற்கும். கோடையில் சீக்கிரம் காயவும் செய்யும், சித்திரை வெயிலில் ஒரு முறை கூடுதலாக நீர் ஊற்ற ஆள் வேண்டும்.

யாருக்கு: ஆலை பக்கத்தில் இருக்கிறவர்கள், மழைக்கால நாற்று விடுகிறவர்கள், செலவைக் குறைக்க நினைக்கிறவர்கள்.

## மண் கலவையில் விடுகிறவர்கள்

செம்மண், மணல், தொழுவுரம் கலந்து பாலித்தீன் பையிலோ மேட்டுப்பாத்தியிலோ நாற்று விடுகிறவர்களுக்கு மேலே சொன்ன தயக்கங்களில் பாதி பொருந்தாது. மண் கலவை கனமானது, இறுகுவது, காற்றோட்டம் குறைவு. அங்கே மரக்கரியோ உமிக்கரியோ பத்து முதல் இருபது சதவீதம் சேர்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், எடையும் குறையும். செம்மண் பெரும்பாலும் லேசான அமிலத்திலிருந்து நடுநிலை வரை இருப்பதால் பிஎச் ஓரளவு தாங்கும். கரிசல் மண்ணில் இதைச் செய்யவேண்டாம், அது ஏற்கெனவே காரப் பக்கம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | நார்க்கழிவு மட்டும் | மண்புழு உரத்தோடு | மரக்கரியும் சேர்த்து | உமிக்கரியும் சேர்த்து |
|---|---|---|---|---|
| நீர் பிடிப்பு | மிக நன்று | மிக நன்று | நன்று | நடுத்தரம் |
| காற்றோட்டம் | நன்று, மழையில் குறையும் | சற்றுக் குறைவு | நன்று | மிக நன்று |
| பிஎச் ஆபத்து | இல்லை | குறைவு | உண்டு, தண்ணீரைப் பொறுத்தது | உண்டு, சாம்பலைப் பொறுத்தது |
| உப்பு ஆபத்து | அலசாவிட்டால் உண்டு | உண்டு | உண்டு | உண்டு |
| வெளி உரத் தேவை | அதிகம் | குறைவு | குறைவு | குறைவு |
| கட்டி பிடிப்பு | மிக நன்று | நன்று | நன்று | அளவு மீறினால் உதிரும் |
| கூடுதல் வேலை | அலசுதல் | சலித்தல் | இடித்து, சலித்து, அலசி, ஊறவைத்தல் | அலசி, ஊறவைத்தல் |
| பொருந்தும் இடம் | தக்காளி, பெரிய நர்சரி | சிறு விவசாயி | மிளகாய், கத்தரி | மழைக்காலம், நெல் வட்டாரம் |

## கரி என்று முடிவு செய்துவிட்டால்

வாங்குமுன் ஒரு துண்டைக் கையில் தேய்த்துப் பாருங்கள். கை கருப்பாகி, வெறும் தண்ணீரிலேயே கழுவினால் போய்விட்டால் நன்றாக வெந்த கரி. சோப்புப் போட்டும் பிசுபிசுப்பு போகவில்லை, புகை நெடி அடிக்கிறது என்றால் தார் மிச்சம் இருக்கிறது, அது முளைப்பைக் கெடுக்கும். இரண்டாவது சோதனை இன்னும் நம்பகமானது: ஈரக் கரியில் முளைக்கீரை விதையோ கடுகோ ஐம்பது எண்ணித் தூவுங்கள், பக்கத்தில் நார்க்கழிவில் ஐம்பது. நான்கைந்து நாளில் முளைப்பு இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கவேண்டும்.

இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, மாவாகப் போன தூளையும் கொஞ்சம் ஒதுக்கிவிடுங்கள், அது குழியின் அடியை அடைக்கும். பிறகு தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி வடியுங்கள், கரையும் சாம்பலும் உப்பும் இதில் போய்விடும்.

சத்தேற்றுவதற்குக் கோமியத்தை நேராக ஊற்றுகிற பழக்கம் இருக்கிறது. கோமியமும் காரப் பக்கம்தான், பழையதாக இருந்தால் அமோனியா கிளம்பும், காரக் கரியோடு சேர்ந்தால் பாதி காற்றில் போய்விடும், மிச்சம் இளவேரைச் சுடும். பத்து பங்கு தண்ணீரில் கலந்து தெளித்து, கரியின் அளவுக்குச் சமமாக ஈர மண்புழு உரம் சேர்த்துக் குவித்து, சாக்கு போட்டு மூடி மூன்று வாரம் நிழலில் விடுங்கள், வாரம் ஒரு முறை புரட்டுங்கள். கடைசி வாரத்தில் டிரைக்கோடெர்மா விரிடியையும் அசோஸ்பைரில்லத்தையும் அதிலேயே கலந்துவிடலாம். இந்தக் குவியலில் இரண்டு பங்கும், தனியாக இன்னொரு பங்கு மண்புழு உரமும், ஏழு பங்கு நார்க்கழிவும் சேர்த்தால் மேலே சொன்ன 7:2:1 வந்துவிடும். விதைக்கு டிரைக்கோடெர்மா கிலோவுக்கு 4 கிராமோ சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியா 10 கிராமோ போட்டு நேர்த்தி செய்வதைக் கரி இருக்கிறதென்று விட்டுவிடக் கூடாது.

கலந்த ஊடகத்தில் ஒரு கைப்பிடி எடுத்து, இரண்டு மடங்கு மழைநீரிலோ கேன் தண்ணீரிலோ கரைத்து அரைமணி நேரம் விட்டு, பிஎச் தாள் நனைத்துப் பாருங்கள். ஏழுக்குக் கீழ் இருந்தால் விதைக்கலாம். ஏழைத் தாண்டினால் நார்க்கழிவைக் கூட்டிக் கரியின் பங்கைக் குறையுங்கள், வேறு எதையும் ஊற்றிச் சரிசெய்யப் பார்க்கவேண்டாம்.

முழு நாற்றங்காலையும் ஒரே தடவையில் மாற்றாமல், ஒரே விதைப் பொட்டலத்திலிருந்து உங்கள் பழைய கலவையில் ஐந்து தட்டு, கரிக் கலவையில் ஐந்து தட்டு என்று போட்டு, இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்குங்கள், நிழலும் காற்றும் ஒருபக்கமாக விழக்கூடாது. முளைத்த எண்ணிக்கை, மூன்றாவது வாரத்தில் இளம் இலையின் நிறம், பிடுங்கும்போது உடைந்த கட்டிகள், நட்டுப் பத்தாம் நாள் பிழைத்தவை, இந்த நான்கையும் குறித்துவையுங்கள். உயரத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவேண்டாம், நிழல் கூடினாலே நாற்று நெட்டையாகப் போகும். குட்டையாக, தண்டு தடித்து, வேர் கட்டியைச் சுற்றி வெள்ளையாகப் பின்னியிருக்கிற தட்டு எதுவோ அந்தக் கலவையை அடுத்த பருவத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தை மாதம் நாற்று விடவேண்டும் என்றால் கரியைக் கார்த்திகைக் கடைசியிலேயே ஊறப்போட்டுவிடவேண்டும்.